வீட்டுப் படமும் நெகடிவும்

தமிழ்நாட்டில் புகைப்படத்தின் சரித்திரத்தை எழுத உட்காருகிறவர்கள் அநேகமாக ஒரே இடத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். 1850ல் அலெக்ஸாண்டர் ஹண்டர் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளி. 1856ல் சென்னைப் புகைப்படச் சங்கம். அதே வருஷம் மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமனம் பெற்ற காப்டன் லின்னேயஸ் ட்ரைப். அப்புறம் ஜமீன்தார்கள், மவுண்ட் ரோடு ஸ்டூடியோக்கள், காமிராக்களின் பெயர்கள். இவையெல்லாம் நடந்தவைதாம். என் ஆட்சேபம் வேறு. இந்தச் சரித்திரம் முழுக்கவும் காமிராவுக்குப் பின்னால் நின்றவர்களுடையது. காசு கொடுத்து எதிரே உட்கார்ந்தவர்கள், வாங்கி வந்த படத்தைச் சுவரில் மாட்டி ஐம்பது வருஷம் அதைப்பற்றிப் பேசிக்கொண்டே இருந்தவர்கள் இதில் வருவதில்லை. அவர்கள் பேச்சைக் கேட்டுத்தான் நான் புகைப்படம் கற்றுக்கொண்டேன். ஆகவே அந்தப் பக்கத்திலிருந்து கொஞ்சம் எழுதிப் பார்க்கிறேன், ஒரே ஒரு படத்தை வைத்துக்கொண்டு.

1979ல் கும்பகோணத்தில் பி.எஸ்ஸி. இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். கல்லூரியில் புகைப்படக் கழகம் என்று பெயரளவில் ஒன்று இருந்தது. மாடிப்படிக்குக் கீழே, ஒரு காலத்தில் அமிலக் குப்பிகள் அடுக்கியிருந்த அறைக்குக் கறுப்புத் துணி கட்டி இருட்டறையாக்கியிருந்தார் பௌதிகத் துறை டெமான்ஸ்ட்ரேட்டர் ஒருவர். அதிகம் பேசாத மனிதர். பேசினால் ஏளனம் கலந்துதான் பேசுவார். அவரிடம் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்தோம். ஐவருக்கும் சேர்த்து ஒரே ஓர் அக்ஃபா க்ளிக் III. வெயிலுக்கு ஒரு குறி, மேகத்துக்கு ஒரு குறி. அதற்கு மேல் அந்தக் காமிராவில் தீர்மானிக்க ஒன்றும் பெரிதாக இல்லை. 120 ரோல் ஒன்றில் பன்னிரண்டு படங்கள், சதுரம் சதுரமாக. ஃபிலிம் ஊட்டியிலிருந்து வந்தது. 1960ல் தொடங்கப்பட்டு 1967ல் உற்பத்திக்கு வந்த ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ஆலையின் 'இந்து' ஃபிலிம். (சந்திரன் என்று அர்த்தம், மதம் அல்ல. இதை அந்நாளில் எத்தனையோ பேருக்கு நான் விளக்க வேண்டியிருந்திருக்கிறது.) டெவலப்பரை நாங்களே கலந்தோம். லிட்டர் தண்ணீருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100, ஹைட்ரோகுவினோன் 5, வெண்காரம் 2. பௌதிகத் துறைத் தராசில் நிறுத்து, பொட்டலம் கட்டி வைத்துக்கொள்வோம். இன்றும் இந்த நான்கு எண்கள் வாய்ப்பாடு மாதிரி நினைவில் நிற்கின்றன.

ரோலைக் கையில் கொடுக்குமுன் அவர் ஒரு நிபந்தனை விதித்தார். வீட்டில் போய் ஒரு கதை கேட்டு வர வேண்டும். புராணமோ சினிமாவோ கூடாது. வீட்டில் நடந்ததாக இருக்க வேண்டும். கேட்டு வந்ததை அவர் முன்னால் நின்று வாயால் சொல்ல வேண்டும். சொல்லும்போது எந்த இடத்தில் குரல் தடுமாறுகிறதோ அந்த இடத்தைக் குறித்துக்கொள்வார். "படம் எடுக்க வேண்டியது அங்கேதான்" என்பார். இது ஏதோ கல்விக் கொள்கை என்று நான் நினைக்கவில்லை. பன்னிரண்டே படங்கள் உள்ள ரோலை ஐந்து பேர் பாழாக்காமல் இருக்க அவருக்குத் தோன்றிய சிக்கன உபாயம். ஒருவன் 1942ல் பர்மாவிலிருந்து நடந்தே வந்த தாத்தாவின் கதையைக் கொண்டுவந்தான். இன்னொருவன் தூர்த்த கிணறு ஒன்றின் கதையை. நான் அப்பாயி சொல்லும் போட்டோக் கதையைக் கொண்டுபோனேன்.

எங்கள் கூடத்தில் தாத்தாவும் அப்பாயியும் நாற்காலிகளில் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்திருக்கும் ஒரு பெரிய படம் இருந்தது. பின்னால் சித்திரத்திரை: படிக்கட்டு, தூண், தூணைத் தாண்டி ஏரி மாதிரி ஏதோ ஒன்று. கறுப்பு வெள்ளை அச்சின் மேல் கையால் வர்ணம் போட்டது. அப்பாயியின் நெற்றியில் குங்குமம் சிவப்பு, சேலைக்கரை பச்சை, தாலிச் சங்கிலிக்குப் பொன் நிறம். அப்பாயி சொல்வாள்: அந்த வருஷம் சித்திரையில் வில்வண்டி கட்டிக்கொண்டு கும்பகோணம் போனார்கள். மகாமகக் குளக்கரையில் தாத்தா கதம்பம் வாங்கிக் கொடுத்தார். அவர் காபி கிளப்புக்குப் போய்விட்டு வரும்வரை இவள் வண்டியிலேயே இருந்தாள். ஸ்டூடியோக்காரர் தாத்தாவின் மோவாயைத் தொட்டு நிமிர்த்தினார். தாத்தாவுக்கு வந்ததே கோபம்! "தொட்டுப் பேசாத" என்று எழுந்துவிட்டார். மறுபடி உட்கார வைக்க அரை மணி ஆயிற்று. அதனால்தான் படத்தில் அவர் முகம் அப்படி விறைப்பாக இருக்கிறதாம். அந்த ஐப்பசியிலேயே, 1946ல், தாத்தா இறந்துவிட்டார்.

நான் இதைச் சொன்னபோது எங்கும் தடுமாறவில்லை. சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டு மனப்பாடமான கதை. டெமான்ஸ்ட்ரேட்டர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, படத்தைக் கொண்டு வா, நகல் எடுக்கக் கற்றுக்கொள் என்றார்.

நகல் எடுப்பதுதான் வெளிச்சத்தைக் கற்க நல்ல வழி என்று இப்போது தெரிகிறது. துறையில் பெல்லோஸ் வைத்த பழைய காமிரா ஒன்று இருந்தது. படத்தைச் சுவரில் பொருத்தி, இரண்டு பக்கமும் நாற்பத்தைந்து டிகிரி சாய்வில் இரண்டு பல்புகளை நிறுத்தி, கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தேன். பின்புறத் தேய்த்த கண்ணாடியில் பிம்பம் தலைகீழாக விழும். தலைகீழாக இருக்கும்போது தாத்தா தாத்தாவாக இருப்பதில்லை. உறவு கழன்று, மேடும் பள்ளமும் நிழலும்தான் எஞ்சுகின்றன. அப்போதுதான் பார்த்தேன். அப்பாயியின் மூக்கு நிழல் வலப்புறம் விழுந்தது. தாத்தாவினுடையது இடப்புறம். பல்புகளால் வந்த மயக்கமோ என்று அணைத்துவிட்டு ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பூதக்கண்ணாடியால் பார்த்தேன். அப்பாயியின் கண்மணிகளில் ஸ்டூடியோ ஜன்னல் சின்னச் சதுரமாகத் தெரிந்தது. தாத்தாவின் கண்களில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள் மட்டும், தூரிகையால் வைத்தவை. கண்மணிகளே தூரிகையால் வரைந்தவைதாம்.

அன்றிரவு அப்பாவிடம் கேட்டேன். 1946ல் அவருக்குப் பதினொரு வயது. நான் இத்தனை நாளும் கேட்கவில்லை, ஆகவே அவரும் சொல்லவில்லை என்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார். தாத்தா இறந்த அன்று கும்பகோணத்திலிருந்து படக்காரர் வந்தார். திண்ணையில் நாற்காலி போட்டுத் தாத்தாவைச் சாய்த்து உட்காரவைத்து, நெற்றியோடு கட்டியிருந்த துணியை அவிழ்த்துவிட்டு எடுத்தார்கள். படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று உயிரோடிருந்தவரை தாத்தா ஒரு தடவைகூட காமிரா முன் உட்காரவில்லை. வில்வண்டி, கதம்பம், காபி கிளப், மோவாய் எல்லாம் அப்பாயி பின்னால் கட்டியது. இல்லை, 'கட்டியது' என்கிற வார்த்தையை இப்போது திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். தாத்தாவின் விறைப்பு உண்மை. ஒருவர் அவருடைய மோவாயைத் தொட்டு நிமிர்த்தியதும் உண்மையாகத்தான் இருக்கும்.

இந்த மாதிரி ஒட்டுப்படங்கள் தஞ்சாவூர் ஜில்லாவின் தனிச் சொத்து அல்ல. அந்தந்த ஊர் ஸ்டூடியோக்களில் சாதாரணமாக நடந்த வேலை. இறந்தவரின் அச்சையும் இருப்பவரின் அச்சையும் கத்தரித்து ஒரே அட்டையில் ஒட்டி, இணைப்பைத் தூரிகையால் மறைத்து, அதை மறுபடி காமிராவில் எடுத்து, அந்த நகல் நெகடிவிலிருந்து பெரிதாக்கி வர்ணம் போடுவார்கள். 1982ல் வெளிவந்த நூலில் ஜூடித் மாரா கட்மன், இந்தியர்களின் படங்கள் வேறு விதமாக இருப்பதற்கு இந்தியக் கண் வேறாக இருப்பதுதான் காரணம் என்று வாதித்தார். நம்மவர்கள் சிலர் அதைச் சந்தோஷமாகப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. 1857ல் ரெய்லாண்டர் முப்பது நெகடிவ்களைப் போல இணைத்து ஒரே படமாக்கினார்; விக்டோரியா ராணி அதில் ஒரு பிரதி வாங்கினார். 1858ல் ஹென்றி பீச் ராபின்சன் ஐந்து நெகடிவ்களை ஒட்டி, சாகக்கிடக்கும் ஒரு பெண்ணின் படத்தைச் செய்தார். அதே 1858ல் இங்கே தஞ்சைப் பெரிய கோயிலில் ட்ரைப் அதிஷ்டானத்துக் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 அச்சுக்களை ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாகத் தந்தார். அவருடைய மெழுகுக் காகித நெகடிவ்களில் மேகங்களை அவரே வரைந்து சேர்த்ததும் உண்டு. ட்ரைப் ஒட்டினால் ஆவணம். ராபின்சன் ஒட்டினால் கலை. கும்பகோணத்து ஸ்டூடியோக்காரர் ஒட்டினால் நாட்டுப்புற நம்பிக்கை அல்லது இந்தியக் கண். இந்தப் பாகுபாட்டைச் செய்கிறவர்கள் யார் என்று நாம் கேட்டுக்கொள்ள வேண்டாமா? ட்ரைப்பின் வேலையையும் கவர்னர் ட்ரெவெல்யன் 1859ல் வீண் செலவு என்று நிறுத்திவிட்டார் என்பது தனிக்கதை.

ட்ரைப்பின் மதுரைப் படங்களில், திருமலை நாயக்கர் மகாலிலும் புதுமண்டபத்திலும், அநேகமாக மனிதர்களே இல்லை. மெதுவான நெகடிவ், அசைகிறவன் அதில் பதியமாட்டான். நம்மூர்க்காரன் புகைப்படத்தில் தெளிவாகப் பதிவதற்கு அசையாமல் இருக்க வேண்டியிருந்தது. என் தாத்தா அந்த நிபந்தனையை முழுமையாக நிறைவேற்றினார் என்று டெமான்ஸ்ட்ரேட்டரிடம் நான் ஒரு தரம் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. கண்டுபிடித்துவிட்ட கர்வம். சனிக்கிழமை ஊருக்குப் போய் அப்பாயியை உட்காரவைத்து, அரிக்கன் விளக்கை முகத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பிடித்து, நிழல் எப்படி மாறுகிறது என்று கண்ணாடியில் காட்டினேன். ரெண்டு பேரும் ஒரே நாளில் ஒரே இடத்தில் உட்காரவில்லை அப்பாயி, பார் என்றேன். கண்ணாடியைப் பார்த்தாள். சுவரிலிருந்த படத்தைப் பார்த்தாள். "அதுக்கென்ன இப்ப?" என்று சொல்லிவிட்டுப் புடைத்துக்கொண்டிருந்த உளுந்துக்குத் திரும்பிவிட்டாள். அப்புறம் சில மாசங்கள் போட்டோக் கதையை அவள் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. நான்தான் வாயடைத்துவிட்டேன் என்று எல்லோருக்கும் தெரியும்.

தை மாசம் என் தங்கைக்கு அவள் மறுபடி அதைச் சொல்லிக்கொண்டிருந்ததைக் காமரா உள்ளிலிருந்து கேட்டேன். வில்வண்டி, கதம்பம், கிளப்பு எல்லாம் வரிசையாக வந்தன. ஸ்டூடியோவுக்குள் போனதும் கதையில் புதிதாக ஒன்று சேர்ந்திருந்தது. "அங்க ரெண்டு பக்கமும் சன்னலு. இவருக்கு அந்தப் பக்கத்து வெளிச்சம், எனக்கு இந்தப் பக்கத்து வெளிச்சம்."

இதற்குள் எனக்கு வேறொரு கேள்வி முளைத்திருந்தது. முதல் கேள்வியைவிட அது கஷ்டமானது. தாத்தாவின் படம் இறந்த பிறகு எடுத்தது என்றால், அப்பாயியின் படம் எப்போது எடுத்தது? அவள் கண்ணில் ஸ்டூடியோ ஜன்னல் இருக்கிறது. ஆகவே அவள் கும்பகோணம் போயிருக்கிறாள். அதற்கு முன் அவளைத் தனியாக யாரும் படம் எடுக்கவில்லை என்று அப்பா நிச்சயமாகச் சொன்னார். அப்படியானால் தாலி வாங்கிய பிறகு, வெள்ளைச் சேலை கட்டிய பெண், தன் அண்ணனோடு வண்டியேறி ஸ்டூடியோவுக்குப் போய் அங்கே உட்கார்ந்திருக்கிறாள். நெற்றியில் பொட்டு, கழுத்தில் தாலி எங்கிருந்து வந்தன? ஸ்டூடியோவின் மறைப்புக்குள் அவளே பொட்டிட்டுக்கொண்டு, தாலியை எடுத்து மாட்டிக்கொண்டு, ஒரு எக்ஸ்போஷருக்கு மட்டும் சுமங்கலியாக அமர்ந்தாளா? அல்லது பாழ்நெற்றியோடு அமர்ந்தவளுக்கு ஸ்டூடியோக்காரர் பின்னால் செய்து கொடுத்தாரா? 1946ல் எங்கள் கிராமத்தில் இந்த இரண்டும் ஒன்றல்ல. முதலாவது தெரிந்திருந்தால் அவளை ஊரில் வைத்திருக்கமாட்டார்கள்.

படத்தைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. பொட்டின்மேல் சிவப்பு வர்ணம் தடவியிருக்கிறது. ஆனால் அப்பாயியின் அசல் கண்ணாடி நெகடிவ் கிடைத்தால் சொல்லிவிடலாம். அந்நாள் பிளேட்டுகளுக்குச் சிவப்பு தெரியாது. குங்குமம் இருந்த இடத்தில் ஒளி பதியாமல், ஹைப்போவில் வெள்ளி கரைந்துபோய், நெகடிவ் அங்கே வெறும் கண்ணாடியாகத் தெரியும். அச்சில் அது கறுப்பாக விழும். பொட்டை உண்டாக்க வேண்டுமானாலும் ரீடச் செய்கிறவர் கத்தி முனையால் அந்த இடத்து மருந்தைச் சுரண்டி எடுப்பார். அதுவும் வெறும் கண்ணாடிதான். ஆனால் ஒன்றில் ஜெலட்டின் மேற்பரப்பு வழவழப்பாக அப்படியே இருக்கும். மற்றதில் சின்னக் குழி இருக்கும். பிளேட்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் கண்ணுக்கே தெரிந்துவிடும். முகத்தை வெளுப்பாக்க இவர்கள் நெகடிவின்மேல் பென்சிலால் இழைப்பதும் அப்படித்தான் தெரியும். அச்சுப் படம் குடும்பம் விரும்பியதைக் காட்டும். விரும்பாததன் மேல் யார் கை பட்டது என்பது நெகடிவில் கிடக்கும். நெகடிவ் என்கிற வார்த்தையைத் தந்த ஹெர்ஷல்தான் ஹைப்போவின் குணத்தையும் 1819லேயே கண்டவர். எதைக் கரைப்பது, எதை நிறுத்துவது என்பதுதான் இந்தக் கலையில் ஆரம்பத்திலிருந்தே விஷயம்.

ஸ்டூடியோவைத் தேடிப் போனேன். பெயர்ப்பலகை மாறியிருந்தது. பழைய முதலாளியின் மகன் பாஸ்போர்ட் படங்கள் எடுத்துக்கொண்டிருந்தார். பிளேட்டுகளா என்று கேட்டுவிட்டு, மேலே பார்த்தார், பரண் இருந்த இடம் போலிருக்கிறது. அறுபதுகளிலேயே எல்லாவற்றையும் வெந்நீரில் சோடா உப்புப் போட்டு ஊறவைத்து, மருந்தைக் கழுவி, கண்ணாடியைச் சட்டம் போடுகிற கடைக்குக் கொடுத்தாகிவிட்டதாம். அரைப் பிளேட் அளவு சின்னச் சுவாமி படங்களுக்குக் கச்சிதமாக இருக்கும். அவருக்கு இதில் வருத்தம் ஒன்றும் இல்லை, வருத்தப்பட வேண்டும் என்று நான் எதிர்பார்த்ததும் நியாயமில்லை. பிற்பாடு ஃபிலிம் நெகடிவ்களுக்கும் இதே கதிதான்; வெள்ளிக்காக எடைக்குப் போட்டார்கள். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, 2010-களில் தமிழ் ஸ்டூடியோப் படங்களைத் தேடிச் சேகரித்துப் பதிவு செய்தது. மெச்சத்தக்க காரியம். ஆனால் அதற்குள் கும்பகோணத்து யாரோ ஒருவர் வீட்டுப் பூஜையறையில் என் அப்பாயியின் நெற்றி இருந்த கண்ணாடிக்குப் பின்னால் முருகன் நின்றுகொண்டிருந்தார். ஊட்டி ஆலையும் 1990-களில் நலிந்த ஆலையாக அறிவிக்கப்பட்டு, பிறகு மூடிப்போயிற்று.

ரோலான் பார்த் தன் அம்மாவின் பழைய படம் ஒன்றைப் பற்றி 1980ல் எழுதிய புத்தகத்தை நம் வட்டத்தில் படிக்காதவர்கள் குறைவு. படத்தில் இருப்பது ஒரு காலத்தில் காமிராவின் எதிரே நிச்சயமாக இருந்தது என்பதுதான் புகைப்படத்தின் சாரம் என்கிறார். நான் அதை ஆங்கிலத்தில் படித்தபோது, எங்கள் கூடத்துச் சுவரை அவருக்குக் காட்ட வேண்டும் போலிருந்தது. இரண்டு பேரும் காமிராவின் எதிரே இருந்தார்கள், வாஸ்தவம். ஆனால் ஒருவருக்கு ஒருவர் பக்கத்தில் இல்லை. படம் எதைச் சொல்வதற்காகச் செய்யப்பட்டதோ அந்தப் 'பக்கத்தில்' என்பது ஒரு க்ஷணம்கூட நடக்கவில்லை. அதை நடந்ததாக வைத்திருந்தது அப்பாயியின் வாய். வாரத்துக்கு ஒரு தரம், முப்பது வருஷம். பார்த் தன் அம்மாவின் படத்தை நமக்குக் காட்டவில்லை. அப்பாயி காட்டினாள், சொல்லிக்கொண்டே. சொல்லாமல் காட்டியதில்லை.

1980 கோடையில் டெமான்ஸ்ட்ரேட்டர் எனக்கென்று தனியாக ஒரு ரோல் கொடுத்தார். கதையைச் சொல் என்று இந்தத் தடவை கேட்கவில்லை. ஊரில் முதல் நாளே, அவசரத்தில் காமிராவின் பின்மூடியைத் திறந்து ஏழு படங்களுக்கு வெளிச்சம் காட்டிவிட்டேன். மீதி ஐந்து. திண்ணையில் பெஞ்சு போட்டு அப்பாயியை நடுவில் உட்காரவைத்தேன். வெள்ளைச் சேலை, வெறும் நெற்றி. குறி மேகத்துக்கு. பத்து மணி வெளிச்சம் தெருப்பக்கமிருந்து, தாத்தாவை உட்காரவைத்தார்களே அதே திசையிலிருந்து, வந்துகொண்டிருந்தது. நான் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவள் எழுந்து, பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

"நடுவுல வேணாம்டா தம்பி. இந்தப் பக்கம் எடம் விட்டு எடு."

எதற்கு என்று நான் கேட்கவில்லை. எடுத்தேன். சதுரத்தின் வலது பாதியில் அப்பாயி, இடது பாதியில் பெஞ்சும் சுவரும். 1988ல் அவள் போய்ச் சேரும்வரை அந்த இடத்தில் யாரையும் ஒட்டச் சொல்லி அவள் கேட்கவில்லை. பொட்டைப் பற்றி நானும் கேட்கவில்லை. அந்த நெகடிவ் என்னிடம் இருக்கிறது.